மோரீனின் பப்பும் என்ர ஆட்சேபணையும்

உதில இருங்கோ தம்பி, பையை நான் மடியில எடுக்கிறன். தமிழ்தானே? போனில அம்மாவோட கதைச்சது கேட்டது. ஒட்டுக்கேக்கேல்ல, காதில விழுந்தது. எனக்குக் காது கொஞ்சம் கூர்மை.

இந்தியாவோ? திருச்சிப் பக்கமோ. நல்லது. நாங்கள் யாழ்ப்பாணம். என்ர கதை விளங்காட்டிக் கேளுங்கோ, திருப்பிச் சொல்லுறன். இந்த பஸ் எல்லாக் கடற்கரை ஊரையும் தொட்டுத் தொட்டுத்தான் போகும், நேரம் இருக்குது. நான் கவுன்சில் கந்தோருக்குப் போறன். கந்தோர் எண்டால் ஆபீஸ். ஒரு லைசென்ஸ் விசயம். இல்லையில்லை, கார் லைசென்ஸ் இல்லை. பப் லைசென்ஸ்.

ஏன் சிரிக்கிறியள்? நான் பப் நடத்திற ஆள் இல்லை. பப்பை எதிர்க்கிற ஆள்.

என்ர பெயர் பஞ்சலிங்கம். நீங்கள் ஏறின இடத்துக்கு முந்தின ஊர், மார்ஷ்விக், அங்கதான் வீடு. அந்த ஊரில தமிழ் எண்டு இருக்கிறது நாங்கள் ரெண்டு பேரும்தான், நானும் மனிசி தவமலரும். மகள் கலியாணம் முடிச்சுக் கனடாவில. எங்கட வீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பஸ் தரிப்பு, அதுக்குப் பின்னால 'சுவான்' எண்ட பப். சுவான் எண்டால் அன்னம். போர்டில கீறியிருக்கிற பறவையைப் பாத்தால் ஒட்டகத்துக்குச் செட்டை முளைச்ச மாதிரி இருக்கும். அதை நடத்திறவ மோரீன். புருசன் செத்தாப் பிறகு தனியத்தான் நடத்திறா. நல்ல உயரம், ஆம்பிளைக் குரல். என்னைக் கண்டால் 'குட் மோர்னிங், மிஸ்டர் லிங்கம்' எண்டுவா. நானும் சொல்லுவன். பகை வேற, மரியாதை வேற.

போன மாரியில, குளிர்காலத்தில, ஒரு நாள் பால் வாங்கப் போறன், பப் கதவில ஒரு நீலக் கடதாசி ஒட்டியிருக்குது. சனம் பாத்தும் பாக்காமல் போகுது. நான் அப்பிடிப் போற ஆள் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிண்டு வாசிச்சன். வெள்ளியும் சனியும் இரவு ஒரு மணி வரைக்கும் திறந்து வைக்கப் போகினமாம். அதோட பாட்டு, ஆட்டம், மைக்கைப் பிடிச்சுப் பாடுற கரோக்கே. முடிவு வரும் வரைக்கும் சனிக்கிழமைப் பாட்டு பதினொரு மணியோட நிக்குமாம். ஆட்சேபணை உள்ளவை கவுன்சிலுக்கு எழுதலாமாம்.

ஆட்சேபணை உள்ளவை எண்டால் ஆர்? நான்தானே.

காரணத்தைக் கேளுங்கோ. நான் பாண் செய்யிற ஃபக்டரியில இரவு வேலை செய்த மனிசன். பாண் எண்டால் உங்கட பிரெட். இரவு முழுக்க மெசினுக்குப் பக்கத்தில நிண்டுபோட்டு, விடிய வந்து படுப்பன். பகல் நித்திரை எண்டது களவெடுத்த தேங்காய் மாதிரி தம்பி. கொஞ்சம் சத்தம் கேட்டாலும் போட்டிட்டு ஓடோணும். அதால எங்கட வீட்டில சத்தம் எண்ட பேச்சே கிடையாது. தவமலர் அதில கெட்டிக்காரி. சட்டியைத் துணிக்கு மேலதான் வைப்பாள். தாளிக்கிறதெண்டால் குசினிக் கதவைச் சாத்திப்போட்டுத்தான். ரீவியில சத்தத்தை இல்லாமப் பண்ணிப்போட்டு, நடிக்கிறவையின்ர வாயைப் பாத்தே நாடகத்தை விளங்கிக்கொள்ளுவாள். மகள் முதல் பழகின சொல்லு அம்மாவும் இல்லையாம் அப்பாவும் இல்லையாம், 'உஷ்' தானாம். தவமலர் சொல்லுவாள். பகிடிக்குத்தான்.

இப்ப நான் பென்சன் எடுத்திட்டன். பகலிலயும் நித்திரை வருது, இரவிலயும் வருது. ஆனால் வீட்டுப் பழக்கம் மாறேல்ல. மார்ஷ்விக்கில அமைதியான வீடு எது எண்டு கேட்டுப் பாருங்கோ, எங்கட வீட்டைத்தான் காட்டுவினம். அப்பிடிப்பட்ட வீட்டுக்கு முன்னால கரோக்கேயாம்.

எழுதினன். எழுத, கவுன்சிலில இருந்து ஒரு பிள்ளை போன் எடுத்துச்சுது. நல்ல பணிவான பிள்ளை. சும்மா சத்தம் சத்தம் எண்டு எழுதினால் காணாதாம், உள்ள என்ன நடக்குது, எப்பிடி நடக்குது எண்டு விவரம் வேணுமாம். நான் உள்ள போகலாமோ? ஆட்சேபணைக்காரனே உள்ள போய்க் கதிரையில இருந்தால் கேஸ் நிக்குமோ? அதாலதான் தவமலரை அனுப்பினன். பக்கத்து வீட்டு எட்னாவோட சேத்து. எட்னா எண்பதைத் தாண்டின மனிசி. காதும் மந்தம், அதால பப் அவவுக்கு ஒரு தொந்தரவே இல்லை.

தவமலர் முதல் மாட்டன் எண்டுதான் நிண்டவள்.

"பப்புக்கோ? நானோ? சனம் கேட்டால் என்ன சொல்லும்?"

"எந்தச் சனம்? இஞ்ச ஆர் இருக்கினம்? ஒரு மூலையில இருந்து எல்லாத்தையும் கவனிச்சுக்கொண்டு வா."

"என்னத்தைக் கவனிக்க?"

"சத்தத்தை."

முதல் சனிக்கிழமை போய் வந்து சொன்னாள், மேசையெல்லாம் துப்புரவா இருக்குதாம். மோரீன் எட்னாவின்ர காலுக்குக் கீழ ஒரு குஷன் கொண்டுவந்து வைச்சவவாம். இது எனக்கு உதவுமோ? சத்தம் எப்பிடி எண்டு கேட்டன்.

"பாடுகினம்."

"எப்பிடிப் பாடுகினம்?"

"சிலபேர் நல்லாப் பாடுகினம். ஒரு பிளம்பர் பாடினவர், பாவம், சுருதி சேரேல்ல. ஆனால் அந்த மனிசன் வெக்கப்படேல்ல."

சுருதி சேராத பாட்டு எண்டு நான் குறிச்சுக்கொண்டன். வெக்கப்படாததை எழுதேல்ல. அது சட்டத்துக்குத் தேவையில்லை.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனாள். ஒரு வேலையைக் குடுத்தால் அவள் அப்பிடித்தான், பொறுப்பு. பின்னேரம் வெளிச்சம் இருக்கேக்கயே உடுத்திப்போட்டு வாசலில நிப்பாள். மகள் அனுப்பின பச்சை ஸ்வெட்டர், ஒரு நாளும் போடாதது, அதைப் போட்டாள். நெத்தியில பெரிய பொட்டு. உளவு பாக்கப் போற ஆள் இப்பிடிப் போகலாமோ எண்டு கேட்டன். "சந்தேகம் வராமல் இருக்கத்தான்" எண்டாள். மூளையைப் பாருங்கோ.

ஆனால் அறிக்கை மட்டும் வர வரக் குறைஞ்சுகொண்டு போச்சுது. இண்டைக்கு எப்பிடி எண்டால், பரவாயில்லை. சத்தம் எண்டால், இருந்தது. அவ்வளவுதான். தொண்டையும் அடைச்சுப்போய் இருக்கும். குளிராக்கும் எண்டு நான் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தன். நான்தான் அவிச்சுக் குடுத்தன், அதையும் சொல்லோணும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலமை. இப்ப நான் போற அதே கட்டிடம்தான். நீட்டு மேசையில மூண்டு கவுன்சிலர்மார். நடுவில தலைவி, கட்டையா வெட்டின நரைச்ச தலை, நீதவான் மாதிரி இருந்தா. மகளின்ர கலியாணத்துக்குத் தைச்ச சூட்டைப் போட்டுக்கொண்டு, தவமலரையும் எட்னாவையும் கூட்டிக்கொண்டு போனன். வயித்துப் பக்கம் பொத்தான் பூட்டேலாது, அதால கையைக் கட்டிக்கொண்டு பேசினன்.

பேச்சை எங்கட ஊர்த் தவறணையில இருந்து தொடங்கினன். தவறணை எண்டால் கள்ளுக்கடை. "எங்கட ஊரில பொழுதுபடக் குடிக்கிற இடத்தைப் பூட்டிடுவினம், அங்க சூரியன்தான் லைசென்ஸ் அதிகாரி" எண்டன். நல்ல வசனம், யோசிச்சு வைச்சிருந்தனான். இடது பக்கம் இருந்த கவுன்சிலர், சிவத்த கன்னம், கள்ளு எண்டால் என்ன எண்டு கேட்டார். கேட்டால் சொல்லோணும்தானே. பனை எப்பிடி இருக்கும், பாளையில முட்டி எப்பிடிக் கட்டிறது, காலமைக் கள்ளுக்கும் பின்னேரக் கள்ளுக்கும் ருசியில என்ன வித்தியாசம், பனையோலையைக் கோலிப் பிளா எண்ட கோப்பை செய்து வாத்துக் குடிக்கிறது எப்பிடி, அதோட கடிச்சுக்கொள்ள என்ன நல்லது, எல்லாம் சொன்னன். நான் குடிகாரன் இல்லைத் தம்பி, பொது அறிவுக்குத் தெரிஞ்சு வைச்சிருக்கிறன். அந்த மனிசன் முன்னுக்குச் சரிஞ்சு, இது லண்டனில எங்கயாவது வாங்கலாமோ எண்டு கேட்டார். நான் அதுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க, தலைவி, "மிஸ்டர் லிங்கம், உங்கட நேரம் முடிஞ்சுது" எண்டா.

சத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்ல. கடைசியா, கதிரையில இருக்கிறதுக்கு முதல், ஒண்டை மட்டும் சொல்லிப்போட்டன். என்ன முடிவெடுத்தாலும், பாடுற நேரத்தில கதவு யன்னலெல்லாம் பூட்டி இருக்கோணும். தலைவி எழுதிக்கொண்டா.

பிறகு மோரீன் பேசினா. பக்கத்து ஊரில ரெண்டு பப் பூட்டியாச்சாம். சனிக்கிழமைப் பாட்டு இல்லாட்டித் தானும் பூட்டோணுமாம். வாற சனத்தில அரைவாசி தனிய இருக்கிற வயசாளியளாம், வேற எங்க போவினம் எண்டு கேட்டா. உருக்கமாத்தான் பேசினா. நான் உருகேல்ல.

வேற ஆரும் பேச இருக்கினமோ எண்டு தலைவி கேட்டா. எனக்குப் பக்கத்துக் கதிரை அசைஞ்சுது. தவமலர் எழும்பினாள். பேசிறதுக்குத் தன்ர பெயரையும் முதலே குடுத்திருந்தவளாம், எனக்குச் சொல்லேல்ல. நான் நினைச்சன், நல்ல காலம், நான் விட்டதை இவள் சொல்லப் போறாள், உள்ள போய்ப் பாத்தவள் இவள்தானே எண்டு. தண்ணிக் கிளாசை அவளுக்குக் கிட்டத் தள்ளி வைச்சன்.

இங்கிலீசிலதான் பேசினாள். மெல்லமா. கேக்கேல்ல, கொஞ்சம் சத்தமாப் பேசுங்கோ எண்டா தலைவி. தவமலர் ஒருக்கா நிப்பாட்டி, "மன்னிக்கோணும், என்ர புருசன் பகலில நித்திரை கொள்ளுறவர்" எண்டாள்.

சனம் எல்லாம் என்னைத் திரும்பிப் பாத்துது. நான் முழிச்சுக்கொண்டுதான் இருந்தனான்.

"அவர் நல்ல மனிசன்" எண்டாள். அதையும் சொன்னவள், மறைக்கக் கூடாது. "இரவிரவா நிண்டு உழைச்சவர். அவர் நித்திரை கொள்ள வேணுமெண்டு நான் சத்தமில்லாமல் இருந்தனான். இப்ப அவர் வேலைக்குப் போறேல்ல. ஆனால் என்ர சத்தம் எனக்குத் திரும்பி வரேல்ல. வீட்டில வாயைத் திறந்தால் காத்துத்தான் வருகுது. சனிக்கிழமை மோரீனின்ர இடத்தில மட்டும் குரல் வருகுது. அங்க ஆருக்கும் என்ர பாசை விளங்காது. விளங்காட்டியும் மேசையில தட்டுகினம்."

இங்கிலீசில 'கம்ஸ்' எண்டு சொல்லவேண்டிய இடத்தில 'கம்' எண்டு சொன்னாள். நான் பக்கத்தில இருந்து மெல்லமாத் திருத்தினன். தலைவி என்னைப் பாத்தா பாருங்கோ ஒரு பார்வை. பிழையைத் திருத்திறது பிழையோ?

அந்தப் பிளம்பரும் வந்திருந்தார். அவர் எழும்பிச் சொன்னார், மெசினில தமிழ்ப் பாட்டு இல்லையாம், அதால தவமலர் மெசினை நிப்பாட்டச் சொல்லிப்போட்டுத் தொடையில தாளம் போட்டுப் பாடுறவவாம். அந்த நேரம் தாங்கள் கிளாசைக்கூட அசைக்கிறேல்லையாம். கண்ணைத் துடைச்சுக்கொண்டு சொன்னார். பிளம்பர்.

அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கலியாணம் பேசேக்க, பெட்டை பாடுவாள் எண்டு சொன்னவை. கோயில் திருவிழாவில மேடையில பாடினவளாம். சரி, கலியாணம் முடிஞ்சாப் பிறகு எல்லாப் பெட்டையளும் விடுகிறதுதானே, இவளும் விட்டிட்டாள். பாடாதை எண்டு நான் ஒரு நாளும் சொன்னதில்லைத் தம்பி. வேணுமெண்டால் அவளையே கேட்டுப் பாருங்கோ. பாடு எண்டும் சொல்லேல்லத்தான். அது ஒரு குற்றமோ?

முடிவை அண்டைக்கே சொல்லிப்போட்டினம். வெள்ளிக்கிழமை பழையபடி. சனிக்கிழமை மட்டும் பன்னிரண்டு மணி வரைக்கும். பாட்டுக்கு அனுமதி உண்டு, ஆனால் பாடுற நேரம் முழுக்கக் கதவு யன்னல் பூட்டியே இருக்கோணும். "இது மிஸ்டர் லிங்கத்தின்ர வேண்டுகோளுக்கு இணங்க" எண்டு தலைவி வாசிச்சா. ஒரு மணி கேட்டவைக்குப் பன்னிரண்டு. யன்னலும் என்ர பக்கம். கணக்குப் பாத்தால் நான்தான் வெண்டது.

வெண்டவன் மாதிரி ஒருத்தரும் என்னை நடத்தேல்ல எண்டது வேற கதை. இதே பஸ்ஸிலதான் திரும்பி வந்தம். தவமலரும் எட்னாவும் முன்னுக்கு இருந்தவை. நான் பின்னுக்கு. முன்னுக்கு இடம் இருந்தது. வாங்கோ எண்டு சொல்ல ஆள் இருக்கேல்ல.

வீட்டை வந்து தேத்தண்ணி போட்டாள். கோப்பையை மேசையில வைச்சாள். 'டக்' எண்டு கேட்டுது. நான் நிமிந்து பாத்தன். கை தவறிப்போச்சு எண்டு சொல்லுவாள் எண்டு பாத்துக்கொண்டே இருந்தன். சொல்லேல்ல. என்னை நேராப் பாத்துக்கொண்டு நிண்டாள். அண்டையில இருந்து குசினியில சட்டி பானையெல்லாம் கதைக்கத் தொடங்கிச்சுது. கதவு சாத்திறேல்ல. கடுகு வெடிக்கிறது முன்னறையில கேக்குது. கடுகு அப்பிடி வெடிக்கும் எண்டதையே நான் மறந்துபோனன். குறையாச் சொல்லேல்ல, நடந்ததைச் சொல்லுறன்.

அடுத்த சனிக்கிழமை அவள் போன பிறகு, நானும் போனன். உள்ள இல்லை. பஸ் தரிப்புக்கு. நிபந்தனை போட்டவன் அதை அவை கடைப்பிடிக்கினமோ எண்டு பாக்கோணும்தானே. கடைப்பிடிச்சவை. ஒரு யன்னல் தவறாமல் இறுக்கிப் பூட்டியிருந்தது. ரெட்டைக் கண்ணாடி. ஒரு பொட்டுச் சத்தம் வெளியில வரேல்ல. வெளிச்சத்தில உள்ள எல்லாம் வடிவாத் தெரியுது. எட்னா குஷனில காலை வைச்சபடி. பிளம்பர். பாத்துக்கொண்டிருக்க, தவமலர் எழும்பி நடுவில வந்து நிண்டாள்.

பச்சை ஸ்வெட்டர். கண்ணை மூடிக்கொண்டு பாடுறாள். வாய் அசையுது, கை தாளம் போடுது, கழுத்தில நரம்பு தெரியுது. எனக்கு ஒண்டும் கேக்கேல்ல. என்ன பாட்டு எண்டு வாயைப் பாத்துக் கண்டுபிடிக்கப் பாத்தன். அவள் ரீவி பாக்கிற மாதிரி. அதுக்கு நல்ல பழக்கம் வேணும் தம்பி, எனக்கு வரேல்ல. முடிய எல்லாரும் மேசையில தட்டுகினம். அதுவும் கேக்கேல்ல. கை மேலயும் கீழயும் போய் வருகுது, அவ்வளவுதான்.

மோரீன் வெளியில வந்தா. "உள்ள வாங்கோ மிஸ்டர் லிங்கம், குளிருது" எண்டா. நான் கண்காணிப்பில நிக்கிறன் எண்டு சொன்னன். "அப்ப சரி" எண்டுபோட்டு அவவும் கொஞ்ச நேரம் பக்கத்தில நிண்டா. நான் கேட்டன், இந்த முன் யன்னலைக் கொஞ்சமாத் திறந்து வைக்கேலாதோ, உள்ள வயசாளியள் இருக்கினம், காத்தோட்டம் வேணுமெல்லே எண்டு. அந்த மனிசி என்னைத் திரும்பிப் பாத்தா. சிரிக்கேல்ல. சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது தெரிஞ்சுது. "திறந்தால் என்ர லைசென்ஸ் போயிடும். நிபந்தனை போட்டது நீங்கள். கவுன்சிலைத்தான் கேக்கோணும்" எண்டா.

என்ன சொல்லுறியள்? வீட்டில பாடச் சொல்லிக் கேக்கலாமோ? கேக்காமல் இருப்பனோ. அடுத்த நாள் சாப்பிடேக்க கேட்டன். சுத்தி வளைச்சுத்தான் கேட்டன், நேத்து என்ன பாட்டுப் பாடினனி எண்டு. "வந்து கேளுங்கோவன்" எண்டு சொல்லிப்போட்டுக் கறியை வைச்சாள். அகப்பை சட்டியில பட்டு மணி மாதிரிக் கேட்டுது. உள்ள போறதோ? ஆட்சேபணை எழுதினது நான், சூட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பேசினது நான், இப்ப நானே போய்க் கதிரையைப் பிடிச்சால் சனம் என்ன சொல்லும்? ஒரு கொள்கை எண்டு இருக்குதெல்லே.

அதாலதான் இந்தப் பயணம். கவுன்சில் பிள்ளைக்குப் போன் பண்ணிக் கேட்டன். நிபந்தனையை மாத்திறதெண்டால் மோரீன்தான் விண்ணப்பிக்கோணுமாம். நான் வேணுமெண்டால் ஆதரவு தெரிவிக்கலாமாம். "பப்புக்கு ஆதரவோ?" எண்டு கேட்டன். "ஓம், மிஸ்டர் லிங்கம்" எண்டுது அந்தப் பிள்ளை. பப்புக்கு இல்லை, யன்னலுக்கு மட்டும் ஆதரவு எண்டு எழுதலாமோ எண்டு கேட்டன். நேரில வாங்கோ, கதைப்பம் எண்டுது. எட்னாவுக்கு நெஞ்சில வருத்தம், மூச்சு இழுப்பு, அதைக் காரணமாச் சொல்லுவன். பஸ் தரிப்புப் பக்க யன்னல், ஒரு சாண் திறந்தால் காணும். அதுக்கு மேல கேக்கமாட்டன்.

ஆனால் அதுக்கும் நீலக் கடதாசி ஒட்டி, நாள் குறிச்சு, மூண்டு பேர் கூடிக் கதைச்சு முடிவெடுக்கக் கன நாள் எடுக்கும். மாரி திரும்பி வந்திடும். பஸ் தரிப்பில கூரையும் ஒழுகுது.

நான் இறங்கிற இடம் வருகுது, கொஞ்சம் வழி விடுங்கோ. தம்பி, நீங்கள் படிக்கிற பிள்ளை, கூட்டாளிமாரோட ஒண்டு ரெண்டு தரம் பப்புக்குப் போயிருப்பியள். இல்லை, பிழையா நினைக்கேல்ல. ஒண்டு கேக்கிறன். உள்ள போனால், நேரா மேசையில போய் இருக்கிறதோ, இல்லாட்டி முதல் கவுண்டரில போய் நிண்டு ஏதாவது வாங்கோணுமோ? ஒருத்தரும் வா எண்டு கூப்பிடாமலே போய் இருக்கலாமோ?

சும்மா, பொது அறிவுக்குக் கேக்கிறன்.